விதை தந்தவருக்கு நன்றி

அறுவடை முடிந்ததும் நன்றி செலுத்துவது உலகெங்கும் உழவர் வழக்கம். அமெரிக்காவில் இதற்கென ‘நன்றி நாள்’ கொண்டாடப்படுகிறது. 1863-ல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இதனை நாடு முழுவதற்குமான விழாவாக அறிவித்தார். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை என்பது 1941-ல் சட்டமாயிற்று.

இவ்விழாவின் தொடக்கமாகக் கூறப்படுவது 1621-ஆம் ஆண்டு அறுவடை. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்த 102 பேரில், முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டனர். எஞ்சியவர்களைக் காப்பாற்றியது மக்காச்சோளம்.

அந்த விதை, பழங்குடியினர் கூடைகளில் நிரப்பி மண்ணுக்கடியில் சேமித்து வைத்திருந்தது. வந்தவர்கள் தோண்டி எடுத்துக்கொண்டனர். நடவு முறையையும், மீனை உரமாக இடும் முறையையும் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற பழங்குடி மனிதர். பலன் கண்கூடு. சுமார் 20 ஏக்கர் மக்காச்சோளம் நன்கு விளைந்தது. குடியேறியவர்கள் தாமே விதைத்த பார்லி சுமாராகவே வந்தது. பட்டாணியோ பூக்கும் தருணத்தில் வெயிலில் கருகியது.

அவ்வாண்டு மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசசாய்ட் 90 பேருடன் வந்தார். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தனர். ஆனால் 1675-ல் மூண்ட போரில் அம்மக்களில் ஏராளமானோர் மடிந்தனர். பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1970 முதல் அதே நன்றி நாளில், அதே பிளிமத் நகரில், பழங்குடியினர் துக்க நாள் அனுசரித்து வருகின்றனர்.

விருந்தோடு முடிந்துவிடும் நன்றி நன்றியாகாது. விதையும் தொழில்நுட்பமும் தந்தவருக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும். இது நமக்கும் பொருந்தும். பெரம்பலூர் மானாவாரி நிலங்களில் இன்று விளையும் மக்காச்சோளமும், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ உழவர்கள் ஒரு காட்டுப் புல்லிலிருந்து பொறுக்கியெடுத்து உருவாக்கிய பயிரே. அவர்கள் பெயர் எந்த விதைப் பையிலும் இல்லை.

நம் நாட்டில் இக்குறையைப் போக்க வழி உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, பாரம்பரிய ரகங்களைக் காத்து வரும் விவசாயிகள் அவற்றைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த ரகங்களைக் கொண்டு புதிய ரகம் உருவாக்கிப் பதிவு செய்பவரிடமிருந்து பலனில் பங்கும் கோரலாம். பழைய நெல், கத்தரி, சிறுதானிய விதைகளைத் தலைமுறையாகப் போற்றி வரும் குடும்பங்கள் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவரம் அறிந்து, காலந்தாழ்த்தாமல் பதிவு செய்ய முன்வர வேண்டும்.