நோர்வே கோப்புகளில் நாம் எங்கே இருக்கிறோம்?

பெரகல சந்தியிலிருந்து கீழே இறங்கும் வீதி வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, காத்தான்குடி எனப் போய் மட்டக்களப்பைத் தொடுகிறது. 2002இல் யுத்த நிறுத்தம் வந்தபோது, கிழக்கிலிருந்து வந்த வியாபாரிகளிடம் இந்தச் சந்தித் தேநீர்க்கடையில் வைத்து நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்த ஒப்பந்தத்தில் நமக்கு என்ன இருக்கிறது?" எவரிடமும் பதில் இருக்கவில்லை.

2002 பெப்ரவரி 22ஆம் திகதிய ஒப்பந்தத்தின் முகவுரை முஸ்லிம்களைக் குறிப்பிடத்தான் செய்கிறது. ஆனால், மோதலின் நேரடித் தரப்பு அல்லாத, அதனால் பாதிக்கப்பட்ட மக்களாகவே குறிப்பிடுகிறது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஒக்டோபரில் சுமார் 75,000 பேர் வடக்கிலிருந்து விரட்டப்பட்டார்கள். அப்படிப்பட்ட சமூகம் நேரடித் தரப்பல்ல என்று எந்த மேசையில் தீர்மானிக்கப்பட்டது?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் செய்த உடன்பாடும் நமக்குத் தனித்தரப்பு அந்தஸ்தைப் பெற்றுத் தரவில்லை. 2005 ஜூனில் சுனாமி நிவாரணக் கட்டமைப்பு கைச்சாத்தானபோதும் கையெழுத்திட்டவை அரசும் புலிகளும் மட்டுமே. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு அகதிகளாகப் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததால், கண்காணிப்புக் குழுவிலிருந்து சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவை விலக நேர்ந்ததும் அதே காலத்தில்தான். நோர்வேயும் சின்னஞ்சிறு ஐஸ்லாந்தும் மட்டுமே எஞ்சின.

நோர்வே தன் பங்கை ஓரளவு திறந்து காட்டியது. அந்நாட்டின் அபிவிருத்தி நிறுவனம் கேட்டுக்கொண்டபடி சுயாதீன ஆய்வாளர்கள் சமாதான முயற்சியை மதிப்பிட்டு, அதன் தோல்வியை 2011இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். நம் பக்கம்? நோர்வேயை அழைத்தவர் ஜனாதிபதி சந்திரிகா. யுத்த நிறுத்த ஒப்பந்தம் தன்னுடன் கலந்தாலோசிக்காமல் செய்யப்பட்டது என்று குறைப்பட்டவரும் அவரே. அந்தக் கடிதங்களும் சந்திப்புக் குறிப்புகளும் இன்னும் நம் கையில் இல்லை. அமெரிக்காவில் ஜனாதிபதியின் பதிவேடுகள் பொதுச்சொத்து என்று 1978இலேயே சட்டம் செய்துவிட்டார்கள்.

நமக்கும் ஒரு வழி உண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெளிநாட்டு உறவு பாதிக்கப்படும் என்று சொல்லித் தகவலை மறுக்க அதில் இடமுண்டு. ஆனால், பொதுநலன் மேலோங்கினால் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கொழும்பிலிருந்த நோர்வே தூதரகமே 2023இல் மூடப்பட்டுவிட்ட பிறகு, எந்த உறவைக் காக்க இந்த இரகசியம்?

ஆகவே நம் பாராளுமன்ற உறுப்பினர்களும் சிவில் அமைப்புகளும் ஒன்றைச் செய்யலாம். முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் பற்றி 2000 முதல் 2008 வரை ஜனாதிபதி செயலகத்துக்கும் ஒஸ்லோவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை எழுத்தில் கேட்கலாம். மறுத்தால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். நாளை அரசியல் தீர்வு பேச மீண்டும் மேசை போடப்படும். போன தடவை நம் நாற்காலியை எடுத்தது யார் என்று தெரியாமல் அங்கே போனால், மறுபடியும் முகவுரையில் ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்.