மணலுக்கும் பாறைக்கும் நடுவே

சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை ஆகிய மூன்று இடங்களையும் திருத்தூதர் தோமாவின் பெயரால் ஒன்றாகவே நினைத்துப் பழகியவர்கள் நாம். ஆனால் காலடியில் இருக்கும் தரையைப் பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல. சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் கடல் மணல். சின்னமலையில் குகையோடு கூடிய பாறைக் குன்று. பரங்கிமலையோ முழுக்கக் கருங்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறையில் வைத்திருந்த கல்லை ஆராய்ந்த டி. எச். ஹாலந்து என்ற நிலவியலாளர், அது நமது பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையின் வகையே எனக் கண்டு, 1893இல் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டச் சுரங்கங்கள் இந்த மணலுக்கும் இந்தப் பாறைக்கும் நடுவில்தான் போகின்றன. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட திட்டம் இது. மொத்தம் 118.9 கி.மீ., செலவு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைக்கவே 2024 அக்டோபர் ஆகிவிட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து கச்சேரி சாலை, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நந்தனம், பனகல் பூங்கா வழியாகக் கோடம்பாக்கம் வரை ஒரு தடம் பூமிக்கு அடியில் செல்கிறது. ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு என்று தெற்கே இறங்குவது இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடம் லஸ். 1516இல் கட்டப்பட்ட காட்டுக்கோயில் இருக்கும் அதே லஸ்தான். அங்கே சாலை குறுகலானது. பக்கத்தில் பறக்கும் ரயில் நிலையம், சுற்றிலும் பழைய கட்டடங்கள். அகலத்தில் இடமில்லாததால் தண்டவாளங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அமைத்து, சுமார் 35 மீட்டர் ஆழத்துக்கு நிலையம் தோண்ட வேண்டியதாயிற்று.

பாறைமீது வீடு கட்டியவனையும் மணல்மீது கட்டியவனையும் நற்செய்தியில் அறிந்திருக்கிறோம். சுரங்கம் தோண்டுபவருக்குக் கணக்கு வேறு. முழுக்க மணல் என்றாலும் சமாளிக்கலாம், முழுக்கப் பாறை என்றாலும் சமாளிக்கலாம். இயந்திரத்தின் முகப்பில் மேல்பாதி மணலும் கீழ்ப்பாதி பாறையுமாக வரும்போதுதான் சோதனை. சென்னையில் பாறையின் மேல்மட்டம் சீராக இல்லை. ஓர் இடத்தில் மேலாகத் தட்டுப்படும், அடுத்த தெருவில் ஆழத்துக்குப் போய்விடும். போதாததற்கு, நிலத்தடி நீரும் மேல்மட்டத்திலேயே இருக்கிறது.

இந்த இயந்திரங்கள் வேலை செய்யும் விதத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. முன்னால் ஒரு பெரிய வட்டத் தகடு சுழன்று மண்ணை அரைக்கிறது. அரைத்த மண் உடனே வெளியே போவதில்லை. தகட்டுக்குப் பின்னுள்ள அறையில் நுரை கலந்து, அழுத்தத்துடன் நிரம்பி நிற்கிறது. எதிரில் உள்ள மண்ணும் நீரும் சரிந்துவிடாமல் தாங்குவது அந்த அழுத்தமே. ஒரு திருகுக் குழாய் வழியாக மண்ணை அளவோடு வெளியே எடுக்க வேண்டும். கீழே பாறை கடினமாக இருப்பதால் இயந்திரம் மெதுவாகத்தான் நகரும். அந்த நேரத்தில் மேலே உள்ள இளகிய மணல் மட்டும் தேவைக்கு அதிகமாக உள்ளே சரிந்து வந்துவிட்டால், சாலைக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகிவிடும். மேலே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

2017 ஏப்ரல் 9, குருத்து ஞாயிறு. அன்று பிற்பகல் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே அண்ணா சாலையில் திடீரெனப் பள்ளம் விழுந்து, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் அதற்குள் இறங்கின. கீழே முதல் கட்ட மெட்ரோவின் சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. உயிரிழப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் போக்குவரத்தும் குறைவு. ஒரு வேலை நாளின் காலை 9 மணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதை நாமேதான் பூமிக்குள் வைத்திருக்கிறோம். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. பிறகு தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஒவ்வொரு முறையும் போர் போட்டோம். ஊறாத போரை மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி மறந்தும்விட்டோம். அந்த இரும்புக் குழாய் இயந்திரத்தின் பற்களில் மாட்டினால் பற்கள் உடையும். குழாயின் துளை வழியாக அறையின் அழுத்தம் வெளியேறி, நுரையும் சேறும் யார் வீட்டு முற்றத்திலாவது பொங்கும். மாநகராட்சியின் எந்த ஏட்டிலும் இல்லாத போர்கள் எத்தனையோ. பல கோடி ரூபாய் இயந்திரம், யாரோ ஒருவர் வீட்டில் வேண்டாமென்று மூடிய குழாயிடம் தோற்று நிற்பதைக் கண்டு சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஆகவே வேகம் குறைகிறது. பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கம் நோக்கி 2023இல் புறப்பட்ட 'மயில்' என்ற இயந்திரம், குடியிருப்புகளுக்கும் ரயில் தண்டவாளங்களுக்கும் அடியில் சுமார் 2 கி.மீ. கடந்து வெளிவர 2025 ஆயிற்று. அடையாற்றுக்கு அடியில் சென்ற 'காவிரி'யும் சுமார் 1.2 கி.மீ. தூரத்துக்கு ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. இதைப் பற்றி நாளிதழ்கள் 'தாமதம்' என்றே எழுதுகின்றன. லஸ்ஸிலும் பாண்டி பஜாரிலும் வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சாலை மாற்றத்தால் அலையும் பள்ளிப் பிள்ளைகளின் சிரமமும் உண்மையே. ஆயினும் சுரங்கத்தின் உள்ளே நின்று பார்த்தால், தாமதம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது.

பாறையில் மோதித் தேய்ந்த பற்களை மாற்ற, ஆள்தான் உள்ளே போக வேண்டும். மண் சரியக்கூடிய இடமானால், சேற்றைச் சற்று இறக்கி, அதற்குப் பதிலாக அழுத்தமூட்டிய காற்றை நிரப்பி, அந்தக் காற்றுக்குள் தொழிலாளர்கள் நுழைகிறார்கள். கனமான இரும்பு வட்டுகளைக் குறுகிய இடத்தில் கழற்றி மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் உடனே வெளியே வந்துவிடவும் முடியாது. ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, அழுத்தம் படிப்படியாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் உண்டாகி, மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். 1870களில் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் அடித்தளம் தோண்டியபோது தொழிலாளர் பலரையும், தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையும் முடக்கிப்போட்டது இந்த நோய்தான். 'சீக்கிரம் முடியுங்கள்' என்று மேலிருந்து வரும் கட்டளை, ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர் என்று இறங்கி இறங்கிக் கடைசியில் இந்தச் சிறிய அறைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் வந்து சேர்கிறது. ஐரோப்பாவில் சுரங்கத்தின் வாயிலில் புனித பார்பராவின் சுரூபம் வைத்து, டிசம்பர் 4ஆம் நாள் வேலையை நிறுத்தி விழா எடுக்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல.

மலைகளுக்குள் இதைவிடக் கடுமை. 2023 நவம்பர் 12இல் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே சிக்கியிருந்தார்கள். அவர்களில் 15 பேர் ஜார்க்கண்ட்காரர்கள். வெளியேற மாற்று வழி இல்லை. துளையிட வந்த ஆகர் இயந்திரம் இடிபாட்டின் இரும்பில் சிக்கி உடைந்தபின், கடைசிச் சில மீட்டர்களைக் கையால் தோண்டித் தீர்த்தவர்கள் 'எலி வளை' முறை தெரிந்த ஏழைத் தொழிலாளர்கள். ஆபத்தானது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்த முறை அது! நாடே கொண்டாடியது. 2025 பிப்ரவரி 22இல் தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில், வாயிலிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. உள்ளே நீரும் சேறும் பாய்ந்து 8 பேர் புதைந்தபோது அந்தக் கொண்டாட்டம் வாய்க்கவில்லை. மார்ச் மாதத்தில் இருவரின் உடல்கள் கிடைத்தன. மீட்புப் பணியாளர்களுக்கே ஆபத்து என்று ஏப்ரலில் தேடுதல் நிறுத்தப்பட்டது.

சென்னையின் சுரங்கங்கள் மலைச் சுரங்கங்கள் அல்ல. இயந்திரம் நகர நகர கான்கிரீட் வளையங்கள் பொருத்தப்பட்டுவிடுவதால், பின்னால் நிற்பவருக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் உள்ளே நிற்பவர்கள் அதே ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள்தான். அவர்களுடைய பெயர் எந்தத் திறப்பு விழாக் கல்வெட்டிலும் வரப்போவதில்லை. திறப்பு நாள் குறித்து நாம் அரசைக் கேட்கும் கேள்விகளோடு, காற்றழுத்த அறைக்குள் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மருத்துவர் இருந்தாரா, மண் அளவுக்கு மிஞ்சி வந்தபோது இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

சுரங்கப் பாதைக்கு அருகே குடியிருக்கும் பங்கு மக்களுக்கு ஒரு வார்த்தை. வேலை தொடங்குமுன் வீட்டுச் சுவர்களின் விரிசல்களைப் படம் பிடித்துப் பதிவு செய்ய வருவார்கள். அலட்சியமாகத் திருப்பி அனுப்பாமல், கூடவே நின்று, பதிவின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு விழும் விரிசல் புதியதா பழையதா என்ற தகராறில் உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றே. மூடிய போர் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, அதையும் அவர்களிடம் காட்டிவிடுங்கள். முற்றத்தில் டைல்ஸுக்கு அடியில் இருந்தாலும் சரி.