கொப்புளம் ஆறிவிட்டால் போதுமா?

பிறந்து பத்துப் பதினைந்து நாளே ஆன பெண் குழந்தையின் காலில் வரிசையாக நீர்க்கொப்புளங்கள். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் அதற்கு உடனே பெயர் கிடைத்துவிடும்: அக்கி. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதுவார்கள். தணிகை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொள்வார்கள். சில வாரங்களில் கொப்புளம் வற்றும். வேண்டுதல் பலித்ததாகவே தோன்றும்.

அபூர்வமாக அது ‘இன்கான்டினென்ஷியா பிக்மென்டி’ என்ற மரபணு நோயாக இருக்கலாம். லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ ஒன்றுதான் தேறும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஐகேபிகேஜி மரபணுவின் பழுதே காரணம் என்று 2000-இல் தெரியவந்தது. பழுதுள்ள ஆண் கரு பெரும்பாலும் தங்காது. அதனால் நோயாளிகள் அநேகமாகப் பெண்கள். கொப்புளம், மரு போன்ற தடிப்பு, சுழல் சுழலாகக் கறுத்த தடம், வெளிறிய கோடு என மாறி மாறி, தோல் தானே அடங்கிவிடும். ஏமாற்றுவதும் இதுதான்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நரம்பு மண்டலமும் பாதிக்கப்படுகிறது. முதல் வாரங்களிலேயே வலிப்பு வரலாம். எம்ஆர்ஐ எடுத்தால், சிறு ரத்தநாளங்கள் அடைபட்டுத் திசு செத்த இடங்களும், சிலருக்கு ரத்தக்கசிவும் தெரியும். பிறகு எடுக்கும் படங்களில் அந்தப் பகுதி சுருங்கியிருக்கும். ‘டிஃப்யூஷன்’ முறைப் படம் புதிய அடைப்பைச் சில மணி நேரத்திலேயே பளிச்செனக் காட்டும்; ஒரு வாரம் போனால் அது மங்கத் தொடங்கும். கொப்புளமும் வலிப்பும் சேர்ந்தால் ஹெர்ப்பிஸ் தொற்றோ என்று மருந்து தொடங்குவது சரிதான். தொற்று இல்லை என்று தெரிந்ததும் விசாரணையை முடித்துக்கொள்வதுதான் தவறு.

கைக்குழந்தைக்கு எம்ஆர்ஐ என்றதும் மயக்க ஊசியை நினைத்து வீட்டார் பயப்படுவார்கள். பல குழந்தைகளுக்கு அது தேவைப்படாது. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடிவிட்டால் படம் முடியும்வரை தூங்கும்.

என்னைக் கேட்டால், மூளைப் படத்துக்கும் முன்னால் கண்ணைப் பார்க்க வேண்டும். செத்த மூளைத் திசுவை மீட்க வழியில்லை. வலிப்பை அடக்கலாம், பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம், அவ்வளவுதான். இதே நோய் விழித்திரையில் உண்டாக்கும் கோளாறையோ உரிய நேரத்தில் லேசர் வைத்துத் தடுக்க முடிகிறது. எழும்பூரில் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையும், 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனையும் இருக்கின்றன. எலும்பு முறிந்தால் எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்கு ஓடும் ஊருக்குச் சென்னை தூரமில்லை. அனுப்புவது யார் என்பதே கேள்வி. பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் போதும்: பெண் குழந்தை, கோடு கோடாகக் கொப்புளம் என்றால் அதே வாரம் அனுப்பு.

அனுப்பிய இடத்தில் மருத்துவர் தாயின் பல்லையும் பார்க்க வேண்டும். கூம்பு வடிவப் பல், முளைக்காத பல், கலைந்துபோன கருக்கள் எல்லாம் தடயம். சொந்தத்தில் கட்டியதால் வந்த நோய் என்று மாமியார் வீடு சொன்னால், இது அந்த வகை அல்ல. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பழுது புதிதாகத் தோன்றியது. தாயிடமே இருந்தால், பிறக்கும் பெண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அடுத்த கருவுக்கு முன் அவருக்கும் மரபணுச் சோதனை செய்துவிடுவது நல்லது.