மலிவு டயோட்டின் தலையில் பழி

லேசர் ஒளி ஆடினால் உடனே ஒரு தீர்ப்பு: "சீனச் சாமான், வேறென்ன எதிர்பார்க்கிறீங்கள்?" இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கேல்லை.

650 நனோமீற்றர் சிவப்பு டயோட், ஒரு வில்லை, முகம்பார்க்கும் கண்ணாடி இரண்டு, சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டு. கவனமாக அடுக்கினால் சுவரில் தலையீட்டு வரிகள் விழும். பக்கத்தில ஃபோன் அடித்தால் அவை துள்ளும். ஏன்? டயோட்டுக்குப் போற மின்னோட்டம் கொஞ்சம் ஆடினாலே அலைநீளமும் ஆடும். வரிகள் இடம் மாறும். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் கால்வாசி நீளம் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர். நீங்கள் இழுத்துவிட்ட வயரும் அவ்வளவுதானே? அது வயரில்லை, அன்ரனா.

சூட்டாலும் டயோட் ஆடும், உண்மைதான். ஆனால் ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டதும் துள்ளல் நின்றால் குற்றவாளி யார்? இரண்டு வயரையும் குறுக்கி, ஒன்றோடொன்று முறுக்குங்கோ. டயோட்டின் காலடியிலேயே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றவையுங்கோ. டயோட்டையும் சுற்றையும் பற்றரியோட பிஸ்கட் ரின்னுக்குள் வையுங்கோ. கதிர் வெளியேறச் சின்னத் துளை போதும்.

சுற்றை வரையப் பழக்கினவை, வயரும் அதில ஒரு உறுப்பு எண்டு சொல்லித்தரேல்லை. அதனால்தான் "காசில்லாமல் இதெல்லாம் சரிவராது" எண்டு பிள்ளையள் பெட்டியை மூடுகினம். குறை காசில இல்லை, சொல்லாமல் விட்ட பாடத்தில.