மனை போடுமுன் மண்ணைச் சோதியுங்கள்

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் வேகமாக மாறிவருகின்றன. ‘மலேசிய விஷன் வேலி 2.0’ திட்டம் மட்டுமே சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் ஏறத்தாழ 1,53,000 ஹெக்டேரை உள்ளடக்கியது. ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் என்ன எழும்பப்போகிறது என்று காட்ட வண்ணப் படங்கள் நிறைய உண்டு. அதே மண்ணில் முன்பு என்ன தோண்டினார்கள் என்பதை வீடு வாங்குபவரிடம் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. பழைய ஈயலம்பங்களை ஒட்டிய எந்தத் தோட்ட நிலத்தையும், மண் சோதனை முடிவை வெளியிடாமல் குடியிருப்பாக மாற்ற மாநில அரசு அனுமதிக்கக் கூடாது.

ரப்பர் கன்று ஊன்றப்படுவதற்கு வெகு முன்பே இம்மாநிலத்தின் சுங்கை ஊஜோங் ஈயத்துக்குப் பேர்போனது. லிங்கி ஆற்றில் இறங்கும் ஈயப் படகுகளுக்கு யார் வரி வசூலிப்பது என்ற சண்டையும் சேர்ந்துதான் 1874இல் ஆங்கிலேயரை இங்கே வரவழைத்தது. லுக்குட்டிலும் ஜெலுபுவின் தித்தியிலும் தோண்டினார்கள். 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வணிகம் குப்புற விழுந்தபோது நாடெங்கும் லம்பங்கள் மூடப்பட்டன. முதலாளிகள் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். தீபகற்பத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் மணல்மேடும் குட்டையுமாக மிஞ்சியது.

ஈயத்தை அரித்தெடுத்த பிறகு கொட்டப்படும் மணல் வெறும் மணலல்ல. ஈயக் கல்லோடு பல இடங்களில் ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த கனிமம் சேர்ந்தே கிடக்கும். பூமிக்கடியில் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். வெளியே எடுத்துப்போட்டுக் காற்றும் மழையும் பட்டால் அமிலம் சுரந்து ஆர்சனிக்கைக் கசியவிடும். கூடவே காரீயமும் காட்மியமும் இருந்தால் அவையும் சேர்ந்து இறங்கும். இலைதழைபோல இவை மக்கிப்போவதில்லை. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் காரீயம் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். எல்லா ஈயக்குட்டையும் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. ஒரே லம்பத்தில்கூட ஒரு மூலை சுத்தமாகவும் இன்னொரு மூலை மோசமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது என்பதால்தான் சோதனை கேட்கிறோம்.

நமக்கு வடக்கே, இதே ஈய வளையத்தில், தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாகாணத்தில் ரோன் பிபூன் என்ற ஊர் இருக்கிறது. அங்கும் தலைமுறை தலைமுறையாக ஈயம் தோண்டினார்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, தோல் கறுத்தவர்கள் மருத்துவரிடம் வரத் தொடங்கியபோது, 1987இல்தான் விஷயம் வெளிப்பட்டது. ஆர்சனிக் அவர்கள் குடித்த ஆழமற்ற கிணறுகளில் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்தைத் தாண்டினர். அந்தக் கிணற்று நீருக்கு நிறமோ வாடையோ எதுவும் இல்லை.

தாய்லாந்துவரை போவானேன்? பேராக்கின் புக்கிட் மேராவில் ஈயக் கழிவான ‘அமாங்’கிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் தொடங்கி 1994இல் மூடப்பட்டது. ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் வழக்காடினார்கள், மறியல் செய்தார்கள். அந்தக் கழிவை அகற்றும் வேலைக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் ஆனது. அங்காவது கைகாட்ட ஒரு கம்பெனி இருந்தது. நூறாண்டுக்கு முந்தைய லம்பத்துக்கு யார் பெயரில் சம்மன் அனுப்புவது?

சட்டத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மத்திய அரசின் கையில். நிலமும் சுரங்கமும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலத்தின் கையில். மாசுபட்ட நிலத்துக்கென்று சுற்றுச்சூழல் துறை 2009இல் வெளியிட்டவை வழிகாட்டிகள் மட்டுமே. தனிச் சட்டம் இல்லை. வழிகாட்டியை மீறியதற்காக யாரும் கூண்டில் ஏறப்போவதில்லை. ஆனால் தோட்ட நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது நில அலுவலகம் பிரீமியம் வசூலிக்கிறது. அதிகாரமும் பணமும் மாநிலத்திடம் ஒன்றாகச் சேரும் அந்தக் கட்டத்தில் சோதனையைக் கட்டாய நிபந்தனையாக்குவதற்குப் புத்ராஜெயாவைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

செலவு கூடும், மனை விலை இறங்கும் என்று மேம்பாட்டாளர்கள் முனகுவார்கள். விலை இறங்கும் அளவுக்கு மண்ணில் ஏதாவது இருந்தால், வாங்குபவருக்கு அது முன்பே தெரியத்தான் வேண்டும். முன்பே சோதிக்காவிட்டால் பின்னால் சீர்செய்வது எளிதல்ல: ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் சுரங்கக் காட்மியம் படிந்த வயல்களைச் சீர்செய்யும் பணி 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது. அதற்குமுன் அந்தக் காட்மியத்தால் எத்தனையோ பெண்கள் எலும்பு நொறுங்கிப்போனார்கள்.

இதில் தோட்டத் தமிழர்களான நமக்குக் கூடுதல் அக்கறை உண்டு. லயத்தைக் காலி செய்தவர்களுக்கு வீடு என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத ஓரத்து நிலம்தான். ஈயக்குட்டையில் மீன் பிடிப்பதும், கரையில் கங்கோங் கீரை போடுவதும், அங்கேயே மாடு மேய்ப்பதும் தோட்டப்புறத்தில் சாதாரணம். ஆகவே சோதனை, பெருநிறுவனங்களின் புதிய நகரங்களோடு நிற்கக் கூடாது. தொழிலாளர் வீட்டுத் திட்டங்களுக்கும், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கப்படும் நிலத்துக்கும், மக்கள் இப்போது புழங்கும் குட்டைகளுக்கும் அது முதலில் வர வேண்டும். கனிம, புவி அறிவியல் துறையிடம் உள்ள பழைய சுரங்கப் பதிவுகளை நில அலுவலகத்தின் தோட்ட வரைபடங்களோடு ஒப்பிட்டு, சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலை மந்திரி பெசார் அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே தாக்கல் செய்யட்டும். சோதனைச் செலவைப் பிரீமியத்திலிருந்து எடுக்கட்டும். முடிவுகளைத் தமிழிலும் வெளியிடட்டும்.