பட்டாடைக்குக் கிடைத்த அனுமதி



ஆண்கள் பட்டாடை அணிவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் பட்டுச் சட்டை அணிய அனுமதி வழங்கினார்கள். காரணம், அவர்களுடைய மேனியில் ஏற்பட்டிருந்த அரிப்பு. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. “பொறுத்துக்கொள்ளுங்கள், நன்மை கிடைக்கும்” என்று மட்டும் கூறி அவர்களை அனுப்பிவிடவில்லை. தோலின் வேதனையை வேதனையாக மதித்து, அவர்களுக்காக ஒரு தடையையே தளர்த்தினார்கள்.

இதனை இப்போது எழுதக் காரணம், நமது புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம். அவருடைய கணவருக்கு ஏழு ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்னும் தோல் நோய். பனிக்காலம் தொடங்கியதும் உள்ளங்கையும் பாதமும் வெடித்து இரத்தம் கசிகிறதாம். உளூச் செய்யும் நீர் பட்டாலே எரிகிறதாம். பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் ஓர் அடி விலகி நிற்கிறார்; முஸாபஹாவுக்கு நீட்டிய கை வெறுமனே திரும்புகிறது. மனம் நொந்த அவர் பள்ளிக்குச் செல்வதை விட்டார், மருந்தையும் விட்டார். “அல்லாஹ் தந்த சோதனை, ஸபூர் செய்கிறேன்” என்கிறாராம். ‘இதுதான் ஸபூரா?’ என்று கேட்கிறார் அச்சகோதரி.

நோயில் பொறுமை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஐயூப் நபி (அலை) அவர்கள். அவர்களுடைய துஆ ஏற்கப்பட்டபோது, பூமியில் காலால் உதைக்குமாறு கட்டளை வந்தது. குளிக்கவும் பருகவும் குளிர்ந்த நீர் தோன்றியது என்று திருக்குர்ஆனின் 38ஆம் அத்தியாயம் கூறுகிறது. நாடினால் ஒரு சொல்லிலேயே குணமாக்க வல்ல இறைவன், நோயுற்ற தன் நபியைக் காலை உயர்த்தி உதைக்கச் சொன்னான்; நீரைக் காரணமாக்கினான். துஆவும் முயற்சியும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன. எனவே, மருந்தைக் கைவிடுவது ஸபூர் ஆகாது. பலன் தாமதமானாலும் மனம் தளராமல் சிகிச்சையைத் தொடர்வதே ஸபூர்.

இந்நோயின் தன்மையை அறிந்துகொள்வோம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல் நெறி தவறித் தோலைத் தூண்டிவிடுகிறது. மேல்தோல் புதிதாக ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். இந்நோயில் சில நாட்களிலேயே அது நிகழ்வதால், உதிர நேரமின்றி வெண்செதில்களாகக் குவிகிறது. கிருமி பரவுவதால் வருவதன்று. ஆகவே தொட்டாலும், ஒரே பாயில் தொழுதாலும், ஒரே தட்டில் உண்டாலும் தொற்றாது. பழங்காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்களே இதனைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பினர். வியன்னாவின் ஹீப்ரா என்ற மருத்துவர் 1841இல் இரண்டும் வேறு வேறு என்று தெளிவுபடுத்தினார். 2014இல் உலக சுகாதாரப் பேரவையும் இதனைத் தொற்றாத நாள்பட்ட நோய் எனத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

நோய் அடியோடு நீங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் நன்கு அடக்கி வைக்கலாம். குளிர், மனக்கவலை, தொண்டைப் புண், புகை, மது, சில மாத்திரைகள் ஆகியவை இதனைக் கிளறிவிடும். சொறியும் இடத்திலும் காயம்பட்ட இடத்திலும் புதிய படை எழும். ஆகவே நகத்தைக் குட்டையாக வெட்டி, தொழுகை விரிப்பை மெத்தென்று வைத்துக்கொள்வது நலம். உளூவுக்குப் பின் ஈரத்தை ஒற்றியெடுத்து, உடனே தேங்காய் எண்ணெயோ மருத்துவர் தந்த களிம்போ பூசலாம். ஐவேளை உளூவும் தோலைப் பேணும் ஐந்து வேளைகளாக அமைந்துவிடும். களிம்பு தடிமனாக இருந்தால், அடுத்த உளூவுக்கு முன் துடைத்துவிட வேண்டும்.

நீர் படுவதால் புண் அதிகரிக்குமாயின் மார்க்கம் வழிவிட்டிருக்கிறது. தலையில் காயமுற்ற ஒருவரைச் சலுகை இல்லையென்று சொல்லிக் குளிக்க வைத்ததால் அவர் இறந்தார். அவ்வாறு சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. தயம்மும், கட்டின் மேல் மஸஹு ஆகியவற்றின் விவரங்கள் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளில் சற்று வேறுபடும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படுங்கள்.

மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசும் வழக்கம் நம்மிடையே மிகுதி. முதலில் பளிச்சென்று குணம் தெரியும். நாளடைவில் தோல் மெலியும். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழுவதும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது. தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் அதனைத் தொடவே கூடாது. சித்த மருத்துவத்தில் இந்நோயைக் காளாஞ்சகப்படை என்பர். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலம் பலரும் அறிந்ததே. எம்முறையாயினும் தகுதியுள்ள மருத்துவரிடமே செல்லுங்கள். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; தோல் மருத்துவரைக் காண மதுரைக்கோ தஞ்சைக்கோ ஓட வேண்டியதில்லை. மூட்டில் வலியும் வீக்கமும் கண்டாலோ, உடல் முழுதும் சிவந்து காய்ச்சலடித்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

இனி, நோயில்லாத நமக்கு ஒரு சொல். தோல் நோயைக் காரணம் காட்டி நிக்காஹ் பேச்சை முறிப்பதும், மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் நம் மஹல்லாக்களில் நடக்கவே செய்கின்றன. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், மனைவி மணமுறிவு கோருவதற்கான காரணங்களுள் கணவனின் தொழுநோயும் ஒன்றாக இருந்தது. அந்நோய் குணமாக்கக் கூடியது என்பதால் 2019இல் நாடாளுமன்றம் அச்சொல்லை நீக்கிவிட்டது. தொழுநோய்க்கே நிலை இதுவென்றால், தொற்றவே தொற்றாத ஒரு நோய்க்காகக் குடும்பத்தைப் பிரிப்பது எவ்வகை நீதி?

கத்தீபுமார்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆ பயானிலேனும் இந்நோய் தொற்றாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்நோயுடையவரின் கையை நீங்களே முதலில் பற்றி முஸாபஹா செய்யுங்கள். அதைக் காணும் ஊர், ஸஃப்பில் அவருக்கு அருகே தானாகவே நெருங்கி நிற்கும். நோயாளி தம் சிகிச்சையில் ஸபூர் காட்டட்டும். நாம் அவரை நம்மோடு வைத்துக்கொள்வோம்.

பிணியுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.