சொன்னவர் பெயர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவர்)

பொருட்செல்வம் கொடுத்தால் குறையும்; அறிவுச் செல்வம் கொடுக்கக் கொடுக்க வளரும். பள்ளி நாள் முதல் நாம் கேட்டு வரும் நல்லுரை இது. நானும் பேச்சுப் போட்டி மேடைகளில் இதை முழங்கிக் கைதட்டல் பெற்றிருக்கிறேன். ஆயின் அந்த வளர்ச்சி யார் வீட்டில்? கொடுத்தவர் வீட்டிலா, வாங்கியவர் வீட்டிலா? இக்கேள்வி சென்ற ஆண்டு வரை என் மனத்தில் எழுந்ததே இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மலையடிவாரச் சிற்றூர் ஒன்றுக்குச் செடி சேகரிக்கச் சென்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அரை நாள் எங்களுடன் நடந்தார். செடி செடியாகக் காட்டிப் பெயரும் பயனும் சொன்னார். ஆடுதின்னாப்பாளையைக் காட்டி, "இதை அரைச்சுப் பூசினா சொறி சிரங்கு ஆறும். வயித்துப் பூச்சிக்குச் சாறு குடுப்போம்" என்றார். நான் மளமளவென்று எழுதிக்கொண்டேன். விடைபெறும்போது அவர், "இம்புட்டு எழுதினியே சாமி, எம்பேரக் கேக்கலையே!" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வண்டி ஏறினோம்.

கல்லூரிக்கு வந்து செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சீட்டு எழுதினேன். தாவரப் பெயர், குடும்பம், கிடைத்த இடம், நாள், எல்லாம் எழுதினேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். சொன்னவர் பெயரை எழுத அச்சீட்டில் இடமே இல்லை!

இது சிறு செய்திதானே என்று தோன்றலாம். ஆனால் பெரிய ஆய்வுக்கூடங்களின் கதையும் பல வேளைகளில் இதுதான். எல்லாவற்றையும் தம் சுவர்களுக்குள்ளேயே கண்டுபிடிக்க இயலாது, வெளியில் உள்ள அறிவையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்று தொழில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பேசுகின்றன. நல்ல கொள்கை; வரவேற்கிறேன். ஆனால் கூட்டு என்றால் கூட்டாளியின் பெயரும் பங்கும் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டாமா? நான் சொல்ல வந்தது இதுதான்.

நமக்கு அண்டையிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1987-ஆம் ஆண்டு அறிவியலார் குழு ஒன்று அகத்தியர் மலைப் பகுதியில் ஆய்வு செய்தது. வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணிப் பழங்குடியினர். மலையேறிக் களைத்த அறிவியலார், காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அது என்ன என்று கேட்டபோது காணிகள் முதலில் சொல்லத் தயங்கினர். பின்னர் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் அதன் பெயர் ட்ரைகோப்பஸ் செய்லானிக்கஸ்.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அச்செடியை ஆராய்ந்தது. அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் ஏழு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமத்தொகை பத்து லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு ராயல்டி. கிடைப்பதில் சரிபாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கைக்கு வந்தது. காட்டின் அறிவுக்குப் பங்கு கொடுத்த இச்செயலை உலகமே பாராட்டியது. நாமும் பாராட்டுவோம்.

ஆனால் ஆண்டுகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். சொன்னது 1987-இல், ஒப்பந்தம் 1995-இல், அறக்கட்டளை 1997-இல். ஒப்பந்தம் எழுதியபோது மேசையின் ஒரு பக்கம் நிலையம், மறுபக்கம் நிறுவனம். காணிகளுக்கு நாற்காலி இல்லை. இந்த அறிவை வெளியார்க்குச் சொன்னதே தவறு என்று காணி மருத்துவர்கள் சிலர் வருந்தினர். இலை பறிப்பதற்கு வனத்துறை தடை போட்டது. போதாக்குறைக்கு, 'ஜீவனி' என்ற பெயர் அமெரிக்காவில் வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. நல்ல மனம் இருந்தும் இத்தனை சிக்கல்! பங்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால் நேர்ந்தவை பல.

மற்றொரு கதை மஞ்சளுடையது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடியது. பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக அடுக்கியது. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. இந்தப் பாடத்தால் 2001-இல் மரபு அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலியவற்றின் ஏட்டு அறிவு அங்கே பிற மொழிகளில் பெயர்த்து வைக்கப்படுகிறது.

மஞ்சளுக்கு ஏடு இருந்தது; வழக்கில் வென்றோம். ஏடே இல்லாத மூதாட்டியின் அறிவுக்கு யார் சாட்சி? அது அவர் நாவில் இருக்கிறது, அவரோடு போய்விடும். எனவே எழுதத்தான் வேண்டும். ஆனால் பெயரில்லாமல் எழுதினால் அது எல்லார்க்கும் பொது என்றாகி, வலியவர் கையில் சேரும். எழுதாவிட்டால் அழிவு, பெயரின்றி எழுதினால் இழப்பு!

"அறிவுக்கு வேலி போட்டால் அறிவியல் வளருமா?" என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஒவ்வோர் இலைக்கும் ஒப்பந்தம் என்றால் நம்மைப் போன்ற மாணவர்கள் காட்டுப் பக்கமே போக முடியாது. நான் கேட்பது வேலியல்ல. நாம் ஒரு நூலிலிருந்து ஒரு வரி எடுத்தால் ஆசிரியர் பெயரைக் குறிக்கிறோம். குறிக்காவிட்டால் அதைத் திருட்டு என்கிறோம். நூல் எழுதியவர்க்கு உள்ள மரியாதை, எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு இல்லையா? என் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். இக்கேள்வி என்னைச் சுடுகிறது.

கூட்டு என்பது ஒருவழிப் பாதையும் அன்று. ஆடுதின்னாப்பாளையின் இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. அது உள்ளே சென்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று அறிவியல் உறுதி செய்திருக்கிறது. பின்னர் நூலகத்தில் இதைப் படித்தபோது திடுக்கிட்டேன். "சாறு குடுப்போம்" என்றாரே! அவர் அறிந்ததை எங்களுக்குச் சொன்னார். நாங்கள் அறிந்ததை அவருக்குச் சொன்னோமா? பெயரும் தெரியாது, திரும்பிச் செல்லவும் இல்லை.

சட்டம் சிறிது சிறிதாக விழித்துக்கொண்டு வருகிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்கிறது. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. மரபு அறிவைக் கொண்டு காப்புரிமை கேட்பவர், அதை வழங்கிய மக்கள் யார் என்பதை விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகத்தின் விண்ணப்பத்திலேயே இடம் ஒதுக்க முன்வந்துவிட்டார்கள்; நம் தாவரச் சீட்டில் ஒரு வரிக்கு இடமில்லையா?

ஆகவே நம் துறைப் பேராசிரியர்களிடம் பணிவுடன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். களப்பயணத்தில் ஒருவர் சொல்வதை எழுதுமுன் "எழுதலாமா?" என்று கேட்போம். அவர் விரும்பினால் 'சேகரித்தவர்' என்பதன் கீழ் 'சொன்னவர்' என்று ஒரு வரி சேர்த்து அவர் பெயரை எழுதுவோம். ஆண்டு முடிவில் நாம் கற்றதை எளிய தமிழில் எழுதி, அந்த ஊருக்கே சென்று படித்துக் காட்டுவோம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மனம் ஒன்றே தேவை.

வரும் விடுமுறையில் அந்த மலையடிவாரத்துக்கு மறுபடியும் போகலாம் என்றிருக்கிறேன். முதலில் அந்தச் சாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு, அன்று கேட்க மறந்த பெயரைக் கேட்க வேண்டும். உடன் வர விரும்பும் நண்பர்கள் வரலாம்.